திருமயத்தில் கண்மாய் நிறைந்த காலம்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் சாலையில் 20 கிலோமீட்டர் வந்ததும் அந்தக் குன்று கண்ணில் படும். உச்சியில் வட்டக் கொத்தளம், சரிவில் மதில், தெற்குப் பக்கம் அடிவாரத்தில் இரண்டு கோயில்கள். வடக்கு மதிலை ஒட்டியிருக்கும் கோட்டை பைரவர் முன்னால் லாரியும் காரும் ஒரு நிமிடம் நிற்கும், தேங்காய் உடையும், வண்டி கிளம்பும். வேனில் வருகிறவர்கள் கோட்டைக்கு ஏறி, பீரங்கியைத் தொட்டுப் பார்த்து, இறங்கி, மதியச் சாப்பாட்டுக்குக் காரைக்குடிக்கு ஓடிவிடுவார்கள். திருமயத்தில் இரவு தங்கிப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு.

தங்க வேண்டும். அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றாத ஆண்டில், மார்கழி பிறந்த பிறகு வரும் ஒரு சனி, ஞாயிறில். அப்போது இந்த ஊருக்கு வேறொரு முகம் இருக்கிறது. செம்மண்ணும் முள்ளும் பாறையுமாக வருடத்தில் பல மாதம் வெந்து கிடக்கிற சீமை இது. அந்தச் சீமையில், பார்க்கும் திசையெல்லாம் தண்ணீர் தேங்கி நின்று, அதன்மேல் விடியற்காலைப் பனி படர்ந்திருக்கும் சில வாரங்கள் உண்டு. நம் ஊர்ப்பக்கத்தில் குளிர்கால ஓய்வு என்றால் கொடைக்கானல், ஊட்டி என்றே பேசிப் பழகிவிட்டோம். சமவெளிக்கும் ஒரு குளிர்காலம் இருக்கிறது என்பதைச் சொல்ல எனக்கு ஆசை.

வெள்ளிக்கிழமை இரவு நண்பர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். படுக்கும் முன்பே அவர் அம்மா எச்சரித்துவிட்டார்: "காலையில கோயில்ல பாட்டுப் போட்ருவாக. தூக்கம் கலைஞ்சா சங்கடப்படாதீக." பாட்டுக்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. வெளியே வந்தால் தெருவே மங்கலாக இருந்தது. மின்கம்பத்து விளக்கைச் சுற்றி வெள்ளை வட்டம். தலையில் துண்டைச் சுற்றிய பெண்கள் வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கோலத்தின் நடுவில் பூசணிப் பூ வைப்பதற்காக ஒரு சிறுமி தூக்கக் கலக்கத்தோடு கிண்ணத்தை ஏந்தி நின்றாள். புதுக்கோட்டைப் பக்கத்தில் மார்கழிக் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கணக்காகப் பார்த்தால் பெரிய குளிர் இல்லை. சித்திரை வெயிலில் கிடந்த உடம்புக்கு அது போதும். சுக்குமல்லிக் காப்பி டம்ளரைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளத் தோன்றும்.

கண்மாய்க் கரைக்கு நடந்தேன். கரைமேல் ஏறும்வரை தண்ணீர் இருப்பதே தெரியாது. பனை வரிசை, அதன் அடியில் ஈரப் புல், அப்புறம் ஒரேயடியாக விரிந்த பரப்பு. எதிர்க்கரை பனிக்குள் மறைந்திருந்தது. நடுவில் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. முக்குளிப்பான்கள் மூழ்கி, நினைக்காத இடத்தில் எழுந்தன. சூரியன் ஏறும்போது பனி ஒரேயடியாக மேலே போய்விடுவதில்லை. முதலில் தண்ணீரை விட்டு ஒரு முழம் விலகி நிற்கிறது, பிறகு மரங்களுக்கு இடையில் கிழிகிறது, பிறகு எப்போது போனது என்று தெரியாமல் போய்விடுகிறது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மடைக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு ஒரு பெரியவர் வந்தார். தலைப்பாகைக்கு மேலே சால்வையைப் போர்த்தியிருந்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"திருச்சிங்கய்யா."

"கோட்டை பாக்க வந்தியளா?"

"தண்ணி பாக்கத்தாங்கய்யா வந்தேன்."

அவருக்கு அது பிடித்திருந்தது. "பாருங்க, நல்லாப் பாருங்க. ரொம்ப நாளைக்கப்புறம் இந்த வருசம் மறுகா பாஞ்சிருக்கு" என்றார். பிறகு என்னைக் கூடவே நடத்திக்கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

கண்மாய் என்பது வெறும் பள்ளம் இல்லை என்பதை அவரோடு நடந்தால்தான் விளங்கும். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரிகிறது. மேட்டில் பெய்த மழை வரத்து வாய்க்கால் வழியே வந்து கரைக்கு முன்னால் நிற்கிறது. கரையின் உயரமும் வளைவும் அந்தச் சரிவைப் படித்து வைத்தவை. தண்ணீருக்குள் இரண்டு கல் தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள், நடுவில் ஏற்றி இறக்கும் அடைப்பு: இதுதான் மடை. திறந்தால் கரைக்கு அடியில் கல்பதித்த வழியில் ஓடி அந்தப் பக்கம் வயலில் வெளிவரும். நிறைந்து வழிந்தால் உடைப்பெடுக்காமல் இருக்கக் கரையின் ஓர் ஓரத்தில் கலிங்கு. அங்கே வழிவதுதான் மறுகா; அந்தத் தண்ணீர் வீணாவதில்லை. அடுத்த ஊர்க் கண்மாய்க்கு அதுதான் வரத்து. அது நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு. இப்படிக் கோத்து வைத்த கண்மாய்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் 5,000க்கும் மேல். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம் இது. வடக்கே வெள்ளாறும் இந்தப் பக்கம் பாம்பாறும் மழைக்குத்தான் ஓடும். பழைய நாட்களில் வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு; திருமயம் கானாட்டைச் சேர்ந்தது. இரண்டு நாடுகளும் ஆற்றை நம்பாமல் மழையைப் பிடித்து வைத்துத்தான் பிழைத்தன.

கரைக்கு அந்தப் பக்கம் நெற்கதிர் பால் பிடித்து நின்றது. இங்கே பெரும்பாலும் ஒருபோகம்தான். "தை கடைசி வரைக்கும் வயலுக்கு. அதுக்கப்புறம் ஆடுமாட்டுக்கு, பறவைக்கு. அதுக்கும் அப்புறம் மீனுக்கு" என்றார் பெரியவர். மீனுக்கு என்றால் பிடிப்பதற்கு. கோடையில் நீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீச, சுற்றுப்பட்டி ஊரெல்லாம் ஊத்தாக் கூடையோடும் கச்சா வலையோடும் இறங்கிவிடும். விராலும் கெளுத்தியும் கெண்டையும் அன்றைக்கு எல்லா வீட்டு அடுப்பிலும் கொதிக்கும். மார்கழியில் அந்த ஆரவாரம் ஒன்றும் கிடையாது. வயலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு மடையாள் வீட்டுக்குப் போய்விடுகிறார். களையெடுப்பு முடிந்துவிட்டது, அறுப்பு இன்னும் வரவில்லை. ஊரின் அமைதி இந்த இடைவெளியிலிருந்து வருகிறது. பெய்ய வேண்டியது பெய்துவிட்டது, நிறைய வேண்டியது நிறைந்துவிட்டது என்ற நிம்மதி அது. தண்ணீர் இல்லாத ஆண்டிலும் இதே தெரு இதே அளவுக்கு அமைதியாகத்தான் இருக்கும்; அந்த அமைதியில் உட்கார யாருக்கும் மனம் வராது.

டொராண்டோவில் இருக்கும் என் சித்தப்பா மகன் அன்று காலையில் பேசினான். அங்கே நகரத்துக்கு வடக்கே சிம்கோ ஏரி இருக்கிறது. தை, மாசியில் அது உறைந்து இறுகிவிட்டால் மக்கள் அதன்மேல் நடந்துபோய், சிறு குடில் போட்டு, பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் இறக்கி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்களாம். இப்போது நம் ஆட்களும் போகிறார்கள் என்றான். அங்கே குளிர்காலம் தண்ணீரை மூடிவிடுகிறது. மரமும் வயலும் உறங்கிக் கிடக்கின்றன. திருமயத்தில் குளிர்காலம்தான் தண்ணீர் திறந்து கிடக்கும் காலம், பயிர் வளரும் காலம். ஆனாலும் உறைந்த ஏரிமேல் உட்கார்ந்திருப்பவருக்கும் நிறைந்த கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் மனத்தில் ஓடுவது ஒன்றாகத்தான் இருக்கும் என்று பட்டது. அவனிடம் சொன்னேன். "கைபேசியைத் திருப்பு, கம்மாயைக் காட்டு" என்றான். காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பத்து மணிக்குக் கோயில். திருமயத்தின் பெரிய செல்வம் கோட்டை இல்லை. அதன் தெற்குச் சரிவில் பக்கத்துப் பக்கத்தில் குடைந்த இரண்டு குகைகள்தான். ஒன்றில் சத்தியகிரீஸ்வரர். இன்னொன்றில் திருமெய்யர் பள்ளிகொண்டிருக்கிறார். அருகிலேயே தனிச் சன்னதியில் சத்தியமூர்த்திப் பெருமாள் நிற்கிறார். திருமங்கையாழ்வார் பாடிய தலம், 108 திவ்விய தேசங்களில் ஒன்று. எண்கோண வடிவில் அமைந்த சத்திய புஷ்கரணி அன்று நிறைந்திருந்தது.

பள்ளிகொண்ட பெருமாள் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் போதாது. தனியாகச் செதுக்கிக் கொண்டுவந்து வைத்த சிலை இல்லை அது. குன்றின் உடம்பிலேயே வெட்டிய உருவம். அவருக்குப் பின்னால் பாறைச் சுவர் முழுக்கத் தேவர்களும் முனிவர்களும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். கால்மாட்டில் மது, கைடபர் என்ற இரண்டு அசுரர்கள். கதை இதுதான்: பெருமாள் உறங்கும்போது இவர்கள் தேவியரைக் கவர வருகிறார்கள். ஆதிசேஷன் அவரை எழுப்ப மனமில்லாமல் தானே நஞ்சை உமிழ்ந்து விரட்டிவிடுகிறான். பிறகுதான் பயம் பிடிக்கிறது, கேட்காமல் செய்துவிட்டோமே என்று. படத்தைச் சுருக்கிக்கொள்கிறான். பெருமாள் கண் திறக்காமலே கையை நீட்டி அவனைத் தட்டிக்கொடுக்கிறார். சிற்பி இந்தக் கதையில் தேர்ந்தெடுத்த கணம் அந்தத் தட்டிக்கொடுத்தல். போரை விட்டுவிட்டு, போர் முடிந்தபின் வருகிற ஆறுதலைக் கல்லில் வைத்தவன் யாரென்று பெயர் தெரியாது. தமிழ்நாட்டுக் குடைவரைகளில் இதைவிடக் கனிவான ஒன்றை நான் பார்த்ததில்லை.

இந்தக் கோயிலைப் புதுக்கியவர் ஒரு பெண். முத்தரையர் குலத்துச் சாத்தன் மாறனின் தாயார் பெரும்பிடுகு பெருந்தேவி என்று கல்வெட்டு சொல்கிறது. அவருக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து இரண்டு கோயில்களுக்கும் சண்டை வந்தது. நிலம், வருவாய், உரிமை எல்லாவற்றிலும் தகராறு. 1245இல் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் பெரிய சபை கூடி, வருவாயைப் பங்கு பிரித்து, நடுவில் மதில் எழுப்பி முடித்து வைத்தார்கள். அந்தத் தீர்ப்பும் கல்லில் இருக்கிறது. இன்று பெருமாளைச் சேவித்த கையோடு பக்கத்து வாசலுக்குப் போய்ச் சத்தியகிரீஸ்வரரையும் வேணுவனேஸ்வரியையும் கும்பிட்டு வருவதுதான் வழக்கம். சிவன் குகையில் ஆளுயரத்துக்கும் மேலான லிங்கோத்பவர் இருக்கிறார். அங்கே ஓர் இசைக் கல்வெட்டும் இருந்தது. பிற்காலத்தில் யாரோ அதன்மேல் வேறு சேதியை வெட்டிவிட்டார்கள். மிஞ்சிய எழுத்துகளில் பரிவாதினி என்ற வீணையின் பெயர் தெரிகிறது. இதுபோன்ற இசைக் கல்வெட்டு ஒன்றை முழுதாகப் படிக்க வேண்டுமானால் குடுமியான்மலைக்குப் போக வேண்டும். திருமயத்துக் கல்லை எப்போது பார்த்தாலும் எனக்கு வருத்தம்தான். ஒரு காலத்தில் இந்தப் பாறைக்குப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து மீட்டியிருக்கிறார்கள், மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள், அதைக் கல்லில் எழுதி வைக்கும் அளவுக்கு அக்கறைப்பட்டிருக்கிறார்கள்.

மாலையில் கோட்டைக்கு ஏறினேன். ராமநாதபுரம் சேதுபதி 1687இல் கட்டியது, பிறகு புதுக்கோட்டைத் தொண்டைமான் வசம் வந்தது, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் நினைவாக ஊமையன் கோட்டை என்று ஊரில் சொல்வார்கள், ஏழு சுற்று மதிலில் பெரும்பகுதி போய்விட்டது. இவையெல்லாம் எல்லாரும் எழுதியவை. நடுச்சரிவில் இரும்பு ஏணி ஏறிப் போனால் பாறைக்குள் தனியாக ஒரு சிறு லிங்கம் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

நான் ஏறியது மேலிருந்து தண்ணீரைப் பார்ப்பதற்காக. மழைக்குப் பின் உச்சிக் கொத்தளத்தில் நின்றால் இந்த நாட்டின் வரைபடமே கீழே கிடக்கிறது. பாறைமேலேயே சுனை. அடிவாரத்தில் கோயில் குளம். தெருக்களுக்கு நடுவில் ஊருணி. ஊரைத் தாண்டிக் கண்மாய். அதற்கப்பால் இன்னொரு கண்மாய், அதற்கப்பால் இன்னொன்று. சாயங்கால வெளிச்சத்தில் அத்தனையும் மின்னின. பாறை ஒரு துளியைக்கூட உறிஞ்சாது. விழுந்ததை அப்படியே வழித்துக் கீழே அனுப்பிவிடும். அதை வாங்கி வைத்துக்கொள்ளக் கீழே படிப்படியாகப் பாத்திரம் வைத்ததுபோல ஊரை அமைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் 1887 ஆகஸ்ட் 19 அன்று பிறந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. பெயரே பெருமாளின் பெயர். சட்டசபையில் அவர் பேச்சு, சிறை வாழ்க்கை, காமராசரின் அரசியல் குரு என்ற பெருமை எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. திருமயக் குன்றின்மேல் நிற்கும்போது எனக்கு நினைவில் வருவது வேறு. 1939இல் அவர் சென்னை மேயரானார். உலகப் போர் தொடங்கிவிட்ட நேரம், பணம் இல்லை, வெள்ளை அரசுக்கு அக்கறை இல்லை. அந்த நிலையிலும் நகரத்தின் குடிநீருக்காகக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டவேண்டும் என்று போராடி வேலையைத் தொடங்க வைத்தார். 1943 மார்ச்சில் அவர் இறந்துவிட்டார். நீர்த்தேக்கம் 1944இல் முடிந்தது. இன்று அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகர். கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. சென்னையில் குழாயைத் திறக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் திருமயம் தெரியும்? மழையைத் தேக்கித்தான் குடிக்க வேண்டும் என்ற அறிவு அவருக்குப் பிறந்த மண்ணிலிருந்தே வந்தது என்று நான் நம்புகிறேன். அதற்கு ஆவணம் ஒன்றும் தேவையில்லை எனக்கு. அந்தக் கொத்தளத்தில் நின்று நான்கு பக்கமும் பார்த்தால் போதும்.

அதே உயரத்திலிருந்து கவலைப்பட வேண்டியதும் தெரிகிறது. தொலைவில் ஒரே உயரமாக, ஒரே பச்சையாக, தைலமரக் காடு. காகிதக் கூழுக்காக இந்த மாவட்டத்தில் பெரும்பரப்பில் யூக்கலிப்டஸ் வளர்க்கிறார்கள். மரம் உறிஞ்சுவது ஒருபக்கம் இருக்க, அந்தக் காட்டுக்குள் மழைநீர் நிற்பதற்காக வெட்டும் வாய்க்காலும் போடும் வரப்பும் கண்மாய்க்கு வரவேண்டிய தண்ணீரைத் தடுத்துவிடுகின்றன என்பது விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. 2017இல், ஊராரே கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து மீண்டும் தொடங்கி, சில கண்மாய்களில் தூர் வாரினார்கள், சீமைக் கருவேலத்தை எடுத்தார்கள். நல்லது. ஆனால் வரத்து வாய்க்கால் அடைபட்டிருந்தால் ஆழப்படுத்திய கண்மாய்க்கு வானத்திலிருந்து நேராக விழுகிற மழை மட்டும்தான். காலையில் பெரியவர் மேற்கே கையைக் காட்டி, "அங்கிட்டிருந்துதான் தம்பி வரணும். அங்கிட்டுப் பாத்துத்தான் கும்பிடணும்" என்று சொன்னது இதைத்தான்.

இரவு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். எட்டு மணிக்கெல்லாம் தெரு அடங்கிவிட்டது. நண்பர் வீட்டுத் திண்ணையில் போர்வையோடு உட்கார்ந்து தவளைச் சத்தம் கேட்டோம். பேச்சு அதிகம் இல்லை. தேவையும் படவில்லை.

ஞாயிறு காலை இராயவரம், கடியாபட்டிப் பக்கம் ஒரு சுற்று. அங்கிருக்கும் நகரத்தார் வீடுகளை எல்லாரும் தேக்குத் தூணுக்கும் ஆத்தங்குடித் தளத்துக்கும் பார்க்கிறார்கள். நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் முற்றத்துக்குள் இறங்குவதைப் பாருங்கள். மழைநீர் முற்றத்தில் விழுந்து, அண்டாவில் நிறைந்து, மிச்சம் தெருவுக்கும் ஊருணிக்கும் போக வழி வைத்திருக்கிறார்கள். குடிக்கிற ஊருணியில் கால்கூட நனைக்க மாட்டார்கள்.

அங்கிருந்து திருப்பத்தூர் வழியாக ஒரு மணி நேரப் பயணத்தில் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி. அங்கே இருக்கும் கண்மாய்கள்தான் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம், 1977இல் அறிவித்தார்கள். பரப்பில் மிகச் சிறியது, 40 ஹெக்டேர்கூட வராது. கருவேல மரங்களின் கிளை தெரியாதபடி நத்தைக்குத்தி நாரைகளும் கரண்டிவாயன்களும் பாம்புத்தாராக்களும் உட்கார்ந்திருந்தன. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். குஞ்சுகள் இரைக்குக் கத்துகின்றன. அந்தச் சத்தத்துக்கு இடம் கொடுப்பதற்காகத்தான் ஊர் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கல்யாணம், திருவிழாவுக்கும் வேட்டு இல்லை. எத்தனையோ ஆண்டுகளாக இதுதான் கட்டுப்பாடு. கரையில் ஆடு மேய்த்த அக்காவிடம், பிள்ளைகள் தீபாவளிக்கு அழமாட்டார்களா என்று கேட்டேன். "அழுகும். அதுக்கு என்ன செய்ய? பிள்ளத்தாச்சிய வீட்டுல வச்சுக்கிட்டு வெடி போடுவாகளா?" என்றார்.

போக நினைக்கிறவர்களுக்கு: திருச்சி - காரைக்குடி ரயில் பாதையில் திருமயத்துக்கு நிலையம் உண்டு, புதுக்கோட்டையிலிருந்து பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. மழை எப்படி என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பெய்த ஆண்டாக இருந்தால் மார்கழி தொடங்கிப் பொங்கல்வரை நல்ல காலம். வைகுண்ட ஏகாதசியன்று பெருமாள் கோயிலில் கூட்டம் இருக்கும். அமைதி வேண்டுமென்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடலாம். பொங்கல் முடிந்ததும் மடைகள் எல்லாம் திறந்து, தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கும். மாசியில் கண்மாயின் உள்வாய் ஓரம் வெடிக்கத் தொடங்கிவிடும். பங்குனியில் அங்கே பையன்கள் மட்டையோடு இறங்கிவிடுவார்கள்.